ஹெலன் எழுதிய கோட்டை

செங்கல்பட்டில் சனிக்கிழமை மாலை நூலகத்து மாடிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஹெலன் ‘கதை ஆன்ட்டி’. மற்ற நாட்களில் அவள் நாவலூரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். பிறந்தது திருக்கழுக்குன்றம் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் ஹெலன்தான். கணவன் ஆபிரகாம், சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். ஒரே மகன் ஜோயல், ஒன்பதாம் வகுப்பு.

அலுவலக பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும், வீட்டில் நேரம் கிடைக்கும்போதும் ஹெலன் போனிலேயே ஒரு சிறுவர் நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். கதை நடப்பது, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருப்பதாக அவளே கற்பனை செய்துகொண்ட ஓர் ஊரில். பெயர் உப்புக்கோட்டை. அந்த ஊரில் கடலைப் பார்க்கக் கூடாது. கடல் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க வேண்டும். காட்டிக்கொடுத்த பிள்ளைக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சோழி கிடைக்கும். மாட்டிக்கொண்ட பிள்ளையோடு அடுத்த பௌர்ணமி வரை யாரும் பேசக் கூடாது. கதையின் நாயகி கயல் என்ற சிறுமி. அவளைத் துரத்திக்கொண்டே இருப்பவன் முத்தரசு. மார்பு நிறைய சோழி குத்தியிருப்பவன்.

தூரதேசங்களில் நடந்ததாகச் செய்திகளில் படித்தவற்றையெல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கோட்டையைக் கட்டினாள். “நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க நடக்குது? அதான் பயமில்லாம எழுத முடியுது” என்று ஆபிரகாமிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். எழுதி முடித்த அத்தியாயங்களை வாரம் ஒன்றாக நூலகத்தில் வாசித்துக் காட்டுவாள். ஜோயல் மட்டும் வந்ததில்லை. சனிக்கிழமைகளில் அவனுக்குப் பள்ளியில் லீடர் வகுப்பு.

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, சுவரின் இடுக்கு வழியாகக் கயல் கடலைப் பார்ப்பதும் முத்தரசு ஓடிப்போய் அதைச் சொல்லிவிடுவதுமான அத்தியாயத்தை வாசித்தாள். பிள்ளைகள் கொதித்துப்போனார்கள்.

“அவன புடிச்சி கடல்ல தள்ளிடணும் ஆன்ட்டி!” என்று பிரவின்குமார் எழுந்து நின்று கத்தினான்.

பின்வரிசையில் இருந்த ஹரிப்ரியா மட்டும் கத்தவில்லை. ஆறாம் வகுப்புப் பெண். அப்பா கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி நிலையத்தில் அதிகாரி. “அவன் பாவம்” என்றாள். “வீட்டுக்குப் போனா அவங்க அம்மா சோழியைப் பார்த்து சந்தோஷப்படுவாங்க. எதுக்குக் கொடுத்தாங்கன்னு கேக்கவே மாட்டாங்க.”

நல்ல யோசனையாக இருக்கிறதே, கதையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஹெலன் நினைத்தாள். மற்ற பிள்ளைகள் படியிறங்கிப் போன பிறகும் ஹரிப்ரியா பையை மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

“ஆன்ட்டி, எங்க ஸ்கூலைப் பத்தி உங்களுக்கு யார் சொன்னாங்க?”

ஹெலன் சிரித்துவிட்டாள். “உங்க ஸ்கூலா? இது சும்மா கதைம்மா.”

“இல்ல ஆன்ட்டி. எங்களுக்குச் சோழி கிடையாது, பச்சை பேட்ஜ். பௌர்ணமி வரைக்கும் இல்ல, ரெண்டு வாரம். அதுக்கு ரிஃப்ளெக்‌ஷன்னு பேரு. அந்த ரெண்டு வாரமும் யாரும் நம்மகூடப் பேசக் கூடாது. டீச்சர்கூட பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. தண்ணி குடிக்கப் போனா எல்லாரும் தள்ளிப் போயிடுவாங்க.”

பச்சை பேட்ஜ் என்றதுமே ஹெலனின் சிரிப்பு நின்றுவிட்டது. ஜோயலின் சட்டையை வாரா வாரம் துவைத்து, இஸ்திரி போட்டு, அதில் அவளே கோணாமல் குத்திவிடும் பேட்ஜுகள் அவை. போன மாதம் புதிதாக ஒன்று வந்தபோது படம் எடுத்து வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைத்தாள். தலைமைப் பண்புக்குக் கொடுக்கிறார்கள் என்று ஜோயல் சொல்லியிருந்தான்.

“நீ இன்னாம்மா தப்பு பண்ண?”

“பிரேயர்ல சிரிச்சுட்டேன். ஸ்பீக்கர் மேல காக்கா உக்காந்து அதுவும் கத்துச்சு.”

“யாரு போய்ச் சொன்னது?”

“ஜோயல் அண்ணா. எங்க ப்ளாக் லீடர். ரொம்ப நல்லா பேசுவார் ஆன்ட்டி. சிரிச்சுக்கிட்டேதான் போட்டுக்கொடுப்பார்.”

நான்தான் அந்த ஜோயலின் அம்மா என்று சொல்ல ஹெலனுக்கு வாய் வரவில்லை. கீழே ஸ்கூட்டர் ஹாரன் கேட்டதும் ஹரிப்ரியா “அப்பா வந்துட்டார்” என்று ஓடிவிட்டாள்.

ஹெலன் வீட்டுக்கு வந்தபோது ஜோயல் சோபாவில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தான். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஹரிப்ரியான்னு ஒரு பொண்ணு. தெரியுமா உனக்கு?”

“சிக்ஸ்த் ஏ. தெரியுமே. ரெண்டு தபா ரிப்போர்ட் பண்ணிக்கீறேன்.” மேட்சில் எடுத்த ரன்னைச் சொல்வது போலச் சொன்னான்.

“எதுக்குடா?”

“ஒரு தபா பிரேயர்ல சிரிச்சா. இன்னொரு தபா, ரிஃப்ளெக்‌ஷன்ல இருந்த அமிர்தவல்லிக்கு பென்சில் குட்தா.”

“பென்சில் குடுத்தது ஒரு தப்பா?”

“ரூல்மா அது.”

அவன் முகத்தில் திருட்டு முழி இல்லை, பயமும் இல்லை. அம்மா ஏன் இப்படி நிற்கிறாள் என்ற குழப்பம் மட்டும்தான் இருந்தது.

“உன்ன மாதிரி ஒரு பையன என் கதையில எழுதிகினு கீறேன்டா. பசங்கள்லாம் அவனத் திட்றாங்க.”

“முத்தரசு தானே? உன் போன்ல படிச்சேன்.” ஒரு கை மிக்சரை வாயில் போட்டுக்கொண்டான். “நல்லாதான் கீது. ஆனா அவன் ஏன் போய்ச் சொல்றான்னு நீ எழுதவே இல்லயே.”

“ஏன் சொல்றான்?”

“சொல்லலன்னா அவன சொல்லிடுவாங்க. நானும் சிக்ஸ்த்ல ரிஃப்ளெக்‌ஷன்ல இருந்தவந்தானே. கிறிஸ்துமஸுக்கு முன்னால.”

ஹெலனுக்கு அந்த டிசம்பர் நினைவுக்கு வந்தது. பையன் பேச்சைக் குறைத்துக்கொண்டான், சோறு சரியாகச் சாப்பிடவில்லை. வளர்கிற வயது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். உப்புக்கோட்டையின் முதல் அத்தியாயத்தை அவள் எழுத ஆரம்பித்ததும் அந்த டிசம்பரில்தான்.

“என்னான்ட ஏன்டா சொல்லல?”

“நீ கேக்கலயே.” ஜோயல் கிண்ணத்தைக் கீழே வைத்தான். “வூட்லயும் எனக்கு ரிஃப்ளெக்‌ஷன்தான்னு நெனச்சிகினேன். ஸ்கூல்லேர்ந்து உங்களுக்கு சொல்லிட்டாங்க, அதான் நீயும் பேசாம போனப் பாத்துகினு கீறன்னு.”

ஷிஃப்ட் முடிந்து வந்த ஆபிரகாம் எவ்வளவு நேரமாக வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான் என்று இருவருக்கும் தெரியாது. உள்ளே வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையில் கை வைத்தான்.

“திங்கக்கெழமலேர்ந்து இவன் அங்க போவல” என்றான். “எவன் வந்து கேட்டாலும் சரி.”

திங்கட்கிழமை ஹெலன் மட்டும் பள்ளிக்குப் போனாள். முதல்வர் ஸ்ரீதேவி நல்ல மரியாதையாக உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

“உங்க பையன் எங்களோட பெஸ்ட் லீடர் மேடம். பாதிக்கப்பட்ட பேரன்ட்ஸ் யாரும் வரல. நீங்க வந்து கம்ப்ளெய்ன்ட் பண்றீங்க, எனக்கு ஆச்சரியமா இருக்கு.”

“பதினோரு வயசுப் பொண்ணுகிட்ட ரெண்டு வாரம் யாருமே பேசக் கூடாதுன்னு வச்சிகீறீங்களே மேடம், இது எந்த ஊர் நியாயம்?”

“நாங்க யாரையும் அடிக்கறதில்லை, திட்டறதில்லை. அமைதியா யோசிக்க டைம் கொடுக்கறோம். ரிசல்ட் பாருங்க, ஸ்கூல் எவ்வளவு அமைதியா இருக்கு.”

உண்மைதான். இடைவேளை நேரத்தில்கூட அந்தப் பள்ளியில் சத்தமே இல்லை. இத்தனை வருடங்களில் எத்தனை முறை வந்திருப்பாள். நல்ல பள்ளி என்பதற்கு அதுதான் அடையாளம் என்று நினைத்திருந்தாள்.

வெளியே வரும்போது வராந்தா ஓரத்தில் ஒரு சின்னப் பையன் தனியாக டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி நாலா பக்கமும் இடம் காலியாக இருந்தது. ஹெலன் குனிந்து, “உன் பேர் இன்னாப்பா?” என்றாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. தூணருகே பச்சை பேட்ஜ் குத்தி நின்ற ஒரு சிறுமியைப் பார்த்தான். பதில் சொல்லலாமா என்று அவளிடம் கண்ணாலேயே கேட்டான். அந்தச் சிறுமி திரும்பி முதல்வர் அறையை நோக்கி ஓடினாள். தன்னைத்தான் காட்டிக்கொடுக்க ஓடுகிறாள் என்பது ஹெலனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கதையில் எழுதியபோது இப்படி ஒன்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அன்று மாலையே ஹரிப்ரியாவின் வீட்டைத் தேடிப் போனாள். அப்பா ராமானுஜம் கதவைத் திறந்தார். ஹெலன் உட்காராமலே, தன் மகன்தான் அவர் மகளை இரண்டு முறை மாட்டிவிட்டவன் என்று சொன்னாள்.

ராமானுஜத்துக்கு அவள் எதற்காக வந்திருக்கிறாள் என்றே பிடிபடவில்லை. “பரவாயில்ல மேடம். பசங்களுக்கு டிசிப்ளின் வேணும் இல்லையா?” என்றார்.

“ரெண்டு வாரமா உங்க பொண்ணுகிட்ட அங்க யாரும் ஒரு வார்த்த பேசல சார்.”

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். “நிஜமா?”

“நான் சொன்னேனேப்பா” என்றாள் ஹரிப்ரியா. “நீ ஏதாவது பண்ணியிருப்ப, போய் சாரி கேளுன்னு சொன்னீங்க. யார்கிட்டப்பா சாரி கேக்கறது? காதுல வாங்கிக்கவே ஆளில்லையே.”

ராமானுஜம் கண்ணாடியைக் கழற்றினார், திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு ஹெலனிடம், “இப்ப என்ன பண்ணலாம், சொல்லுங்க” என்றார்.

அவரும் ஹெலனும் இன்னும் சில பெற்றோரும் சேர்ந்து கல்வித் துறைக்குப் புகார் எழுதினார்கள். அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். ரிஃப்ளெக்‌ஷனும் பச்சை பேட்ஜும் நின்றன. முதல்வர் மாறவில்லை. ஆனால் ஹெலனுக்கு விழுந்த அடுத்த அடி பெற்றோரிடமிருந்து வந்தது. நன்றாக நடந்துகொண்டிருந்த பள்ளியின் பெயரைக் கெடுத்துவிட்டாள் என்று பலருக்குக் கோபம். வகுப்பு வாட்ஸாப் குழுவில் அவள் எது கேட்டாலும் ஒருவரும் பதில் போடவில்லை. ஒருநாள் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள். யார் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று அவள் அதற்குமேல் யோசிக்கவில்லை.

ஜோயலை ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் சேர்த்தார்கள். முதல் நாளே அவன் வகுப்பில் ஆசிரியர் மேஜைக்குப் போய், யார் யார் வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதினார்கள் என்று ஒப்பித்தான். ஆசிரியர், “சரி, நீ போய் உக்காருப்பா” என்றார். வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து, “நா இன்னாம்மா தப்பு பண்ணேன்?” என்று அழுதான். அவன் அழுது அவள் பார்த்து வருடக்கணக்காகியிருந்தது. ஹெலன் போனை வேறு அறையில் வைத்துவிட்டு அவனோடு உட்கார்ந்தாள். அதிலிருந்து தினமும் அப்படித்தான். நாவல் பாதியிலேயே நிற்கிறது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை அவனாகவே நூலகத்துக்கு வந்தான். ஹரிப்ரியா அவனைக் கண்டதும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். கூட்டம் கலைந்ததும் அவன் போய் அவள் முன்னால் நின்றான்.

“சாரி” என்றான்.

“எனக்கு வேணாம்” என்றாள் அவள். “அமிர்தவல்லிகிட்ட சொல்லுங்க. அவளுக்கு மூணு தடவை ரிஃப்ளெக்‌ஷன். அவங்க குடும்பமே தஞ்சாவூர் போயிட்டாங்க. அங்கயும் அவ யாரோடயும் பேசறதில்லைன்னு அவங்க அம்மா சொன்னாங்க.”

ஹெலன் ராமானுஜத்திடமிருந்து அமிர்தவல்லியின் அம்மா நம்பரை வாங்கி, மறுநாள் சர்ச்சிலிருந்து வந்ததும் அந்த அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். நீண்ட யோசனைக்குப் பிறகு அவர் மகளிடம் போனைக் கொடுத்தார். ஹெலன் ஸ்பீக்கரைப் போட்டாள்.

“அமிர்தவல்லி, நா ஜோயல் பேசறேன்.”

அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மிக மெதுவாக ஒரு குரல்.

“என் ரிஃப்ளெக்‌ஷன் முடிஞ்சிடுச்சா அண்ணா? நீங்க யாருமே சொல்லலையே.”

ஜோயல் வாயைப் பொத்திக்கொண்டான். ஹெலன் அவன் முதுகில் கை வைத்தாள்.

“முடிஞ்சிச்சு” என்றான். “எப்பவோ முடிஞ்சிச்சு. அது இருந்ததே தப்பு. நீ பேசலாம். யாரான்ட வேணா பேசலாம்.”

“சரி” என்றாள் அந்தப் பெண். பிறகு தன் வீட்டில் ஒரு பூனை குட்டி போட்டிருப்பதாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. ஜோயல் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தான்.