நாய்களோடு அக்கா புறப்பட்டது

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் கூடியிருந்தவர்கள் அக்கா, அத்தான், அம்மா, நான், அப்புறம் இரண்டு வயதுப் பாப்பா. வாசற்படியில் நாய் கருப்பியும் அவள் மகன் மணியும் படுத்திருந்தார்கள். வராதவர் அப்பா. அவர் இரண்டு சந்து தள்ளி எங்கள் வீட்டில், பனியனைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் வந்திருப்பாரா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிடுவது அக்காவின் வேலை என்று அப்பா நினைத்தார். கூப்பிடாமலே வருவது அப்பாவின் வேலை என்று அக்கா நினைத்தாள். மூன்று வருடங்களாக இருவருக்கும் பேச்சு இல்லை.

நாங்கள் தெற்கேயிருந்து இந்தப் பனியன் ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள். அப்பா எலாஸ்டிக் டைலர். ஜட்டிகளின் இடுப்பில் எலாஸ்டிக்கை இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்து மெஷினுக்குள் விடுகிற வேலை. அம்மா செக்கிங், தைத்து வந்ததில் பிசிறும் குறையும் பார்க்கிற வேலை. அக்கா பத்தாவதோடு கம்பெனிக்குப் போய்விட்டாள். அவர்கள் மூன்று பேரின் சம்பளத்தில் படித்து, எங்கள் வம்சத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக உட்கார்ந்திருந்தேன். அக்கா தன் தையல் லைனில் வேலை பார்த்த ஒடிசாக்காரரை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு வந்த நாளில் அப்பா கத்தவில்லை. "பாஷை தெரியாதவன்கிட்ட என் பிள்ள என்னத்தப் பேசி வாழப்போவுது" என்று அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அதன்பிறகு அக்காவோடு அவர் பேசவில்லை.

உண்மையில் அத்தானுக்குத் தமிழ் நன்றாகவே வந்தது. பல்லடம் பக்கத்து ஆட்களிடம் கற்றுக்கொண்ட தமிழ் என்பதால், எங்களையெல்லாம் விட மரியாதையான தமிழ். ரோட்டில் அப்பாவைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி, "ஏனுங்க மாமா, சாப்ட்டீங்களா" என்பார். அப்பா காது கேட்காதவர் போலக் கடந்து போவார். நம் குடும்பத்திலேயே 'ங்க' போட்டுப் பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று அம்மா சிரிப்பாள். அப்பா இருக்கும்போது சிரிக்கமாட்டாள்.

அத்தான் வேலை பார்த்த கம்பெனி ஒடிசாவில் ஒரு யூனிட் திறந்தது. இங்கே தொழில் பழகிய ஆட்களை அங்கே சூப்பர்வைசராக அனுப்பினார்கள். அவருடைய அம்மாவும் அங்கே தனியாக இருந்தார். போவது என்று முடிவாகிவிட்டது. எப்படிப் போவது என்பதுதான் அன்றைய பேச்சு.

ரயிலில் போவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றியது. ஆனால் நாய்களை என்ன செய்வது? ரயிலில் அவற்றைக் கடைசியில் இருக்கிற கார்டு பெட்டியில் கூண்டில் அடைத்துத்தான் ஏற்றவேண்டும், அதுவும் இடம் இருந்தால். அக்கா அதைக் கேட்கவே மாட்டேன் என்றாள். கருப்பி, அக்கா கம்பெனி கேட்டிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்த குட்டி. கல்யாணத்துக்குப் பிறகு அவளைத் தேடிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விட்டது. ஆனால் காலையிலும் சாயங்காலமும் தன் மகனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அப்பா கறிக்கடையில் கழிவு வாங்கி மஞ்சள்தூள் போட்டு வேகவைத்து வைத்திருப்பார். நாய்களுக்குப் பின்னால் பாப்பாவும் தத்தித் தத்தி வரும். அப்பா பாப்பாவைக் கூப்பிடமாட்டார், தூக்கமாட்டார். வந்தால் விரட்டவும் மாட்டார். நாயோடு பேசுவது போல எல்லாவற்றையும் பேசிவிடுவார். "ஏட்டி கருப்பி, பிள்ளைக்குச் சளி பிடிச்சிருக்கே, உங்க வீட்ல துளசிச்சாறு குடுக்க ஆளில்லையா?" என்பார். அம்மா அதை அக்காவிடம் போய்ச் சொல்வாள். மறுநாள் பாப்பாவின் வாயில் துளசி வாசம் அடிக்கும்.

ஆகவே நாய்களை அப்பாவிடம் விட்டுவிட்டு ரயில் ஏறுவதுதான் நியாயம். எல்லார் மனதிலும் அதுதான் இருந்தது. நான்தான் வாய்விட்டுச் சொன்னேன். அக்கா பாப்பாவின் தலையைத் துவட்டிக்கொண்டே, "அவரு கேக்கட்டும், விட்டுட்டுப் போறேன்" என்றாள். வீட்டுக்கு வந்து அப்பா காதில் விழும்படி அம்மாவிடம் சொன்னேன். அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அவ வந்து சொல்லட்டும், பாத்துக்கிடுதேன்" என்றார். எங்கள் ஆட்களிடம் இது ஒரு வழக்கம். பேச்சு நின்றுபோனால் யார் முதலில் பேசுகிறாரோ அவர் தோற்றவர். சாவு வீட்டில்கூட அடுத்தவர் முதலில் பேசட்டும் என்று பிணம் சாம்பலாகும்வரை காத்திருந்த அண்ணன் தம்பிகளை நான் பார்த்திருக்கிறேன். அக்கா வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மாவிடம் நாய்களைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அத்தான் கேட்டார். "நீங்க நாயை உட்டுட்டுப் போனா, நானாக் கண்ணு கோழிக்காலு பொறுக்கிக்கிட்டுக் கெடக்கோணும்?" என்று அந்த அம்மா அந்த வழியையும் அடைத்துவிட்டார்.

அப்படித்தான் கார் பயணம் வந்தது. சேலம், சென்னை, நெல்லூர், விஜயவாடா, விசாகப்பட்டினம் என்று நான் போனில் கோடு இழுத்துக் காட்டியபோது அம்மா அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த வேலை திட்டம் போடுவது ஒன்றுதான். ஆர்டருக்குப் போடுவது போலவே எக்செலில் போட்டேன். எங்கே நிறுத்துவது, பாப்பாவுக்கு எங்கே தயிர்சாதம், நாய்களை எங்கே இறக்கி நடக்கவிடுவது என்று எழுதினேன். நாய்களுக்குக் காலையில் சோறு போடக்கூடாது, போட்டால் வண்டியில் கக்கிவிடும் என்று கால்நடை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊசி போட்ட அட்டையையும் அங்கேயே வாங்கினேன். விரிப்பதற்கும் துடைப்பதற்கும் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் துணி கட்டினோம். பழகட்டும் என்று தெரிந்த ஆட்டோவில் எல்லாரையும் ஏற்றிப் பல்லடம்வரை போய்வந்தோம். நாய்கள் கம்பீரமாக உட்கார்ந்து வந்தன. பாப்பாதான் என் சட்டையில் கக்கியது. நெல்லூரில் ஒரு லாட்ஜுக்குப் போன் செய்து என் படித்த ஆங்கிலத்தில் கேட்டேன். எந்த ஜாதி நாய் என்று கேட்டான். நாட்டு நாய் என்றேன். வைத்துவிட்டான்.

கார் ஓட்ட ஒப்புக்கொண்டவர் பல்லடத்துக்காரர். "கோழி லோடு ஓட்டுனவனுங்க நானு, சத்தத்துக்கெல்லாம் அசரமாட்டேன். ஆனா வாரப்ப காலி வண்டிதானுங்க. ரெண்டு பக்கத்துக்கும் வாடகை தரோணும்" என்றார். கம்பெனி தந்தது ரயில் காசு. மீதிக்கு அக்கா தான் கட்டிவந்த சீட்டைத் தள்ளி எடுத்தாள். இவ்வளவு செலவு நாய்க்காகவா என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்றாள். நாய்க்காக இல்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அந்த நாட்களில் கறி வேகும் நேரத்தில் அப்பா கருப்பியின் எதிரே குத்தவைத்து, "கார்ல போறியாமே. பெரிய மனுஷி ஆயிட்ட. கடலெல்லாம் பாப்பியாம். எங்களை ஞாபகம் இருக்குமாட்டி?" என்பார். பாப்பா அவர் பக்கத்திலேயே குத்தவைத்து, "மாட்டி" என்று கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லும். சங்கிலி போட்டால் கார் குலுங்கும்போது கழுத்தை அறுக்கும் என்று அவரே முடிவு செய்துகொண்டார். ஷிப்ட் முடிந்தபிறகு கம்பெனியிலேயே இருந்து, ஏதோ வெளிநாட்டுப் பெயர் நெய்த அகலமான எலாஸ்டிக்கில், நெஞ்சையும் முதுகையும் சுற்றிப் பிடிக்கிறமாதிரி இரண்டு பெல்ட் தைத்தார். உள்பக்கம் உறுத்தாமல் இருக்கப் பனியன் துணி வைத்தார். மூலைகளில் மூன்று ஓட்டுத் தையல். ஒன்றைக் கருப்பிக்கு மாட்டினார். மணிக்கு உரியதை அவள் முதுகில் கட்டினார். "போ" என்றார். அவள் இரண்டு சந்துகளையும் கடந்து அக்கா வாசலில் போய் நின்றாள்.

அக்கா தையலைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பிசிறு இல்லை. "நல்லாத்தான் தச்சிருக்காரு" என்றாள். அன்றே பழைய தோல் வாரையும் சங்கிலியையும் கழற்றிப் போட்டுவிட்டாள். எங்கள் குடும்பம் முழுவதற்கும் எலாஸ்டிக்தான் சோறு போட்டிருக்கிறது. அது இழுத்தால் நீளும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

புறப்பட்ட காலையில் அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வேலைக்குக் கிளம்பிவிட்டார். அம்மா வீட்டு வாசலிலேயே அழுது முடித்தாள். பெருமாநல்லூர்வரை நான் முன்சீட்டில் கூடப் போனேன். தெருமுனை டீக்கடையில், வேலைக்குப் போயிருக்க வேண்டிய அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கருப்பி ஜன்னலில் முகத்தை வைத்துக் குரைத்தாள். அப்பா திரும்பினார். டிரைவர் வேகத்தைக் குறைத்து, "நிறுத்தட்டுங்களா?" என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் பாப்பாவின் தலைக்கு மேல் நேராக ரோட்டைப் பார்த்தபடி இருந்தாள். எங்கள் ஊரில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போவதில்லை, 'போயிட்டு வாரேன்' என்பார்கள். அதைச் சொல்லத்தான் அவள் நிறுத்துவாள் என்று நினைத்தேன். "போங்கண்ணா" என்றாள். அத்தான் மட்டும் கண்ணாடியை இறக்கி, "போயிட்டு வாறமுங்க மாமா" என்றார். அப்பா கையில் இருந்த டீ கிளாஸ் லேசாக மேலே போனது. அதுதான் பதிலா, குடிக்கத்தான் தூக்கினாரா, எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் நெல்லூரைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியிருக்கிறார்கள். அத்தான் நாய்களை இறக்கி நடக்கவிட்டிருக்கிறார். பக்கத்தில் வந்த லாரி ஒன்று ஹாரன் அடித்தது. கருப்பி மிரண்டு பின்னுக்கு இழுத்தாள். பெல்ட் நீண்டு கொடுத்தது. நெஞ்சை விட்டு, தலையை விட்டுக் கழன்றது. அவள் ரோட்டைக் கடந்து முள்காட்டுக்குள் ஓடினாள். அவர்கள் அன்று முழுவதும் தேடினார்கள். பாஷை தெரியாத ஊர்க்காரர்கள்கூட அத்தானோடு சேர்ந்து, "கருப்பி, கருப்பி" என்று தமிழில் கூப்பிட்டுக்கொண்டு அலைந்தார்களாம். அடுத்த நாள் பாப்பாவுக்குக் காய்ச்சல் ஏறியபிறகுதான் வண்டியை எடுத்திருக்கிறார்கள். அக்கா எனக்குப் போன் செய்தபோது அழவில்லை. "பெல்ட்டு மட்டும் கையில இருக்குலே" என்றாள். பிறகு, "அப்பாட்ட சொல்லாத. எதையும் சொல்லாத" என்றாள்.

நாங்கள் சொல்லவில்லை. "நாய்ங்க திங்குதாமா?" என்று அப்பா அம்மாவிடம் கேட்பார். "திங்குதாம்" என்பாள் அம்மா. வீடியோ அழைப்பு வரும்போது அவர் படத்தில் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மணி குரைத்தால் தலை நிமிரும். இரண்டாவது குரைப்புக்காகக் காத்திருப்பார். கறிக்கடைக்காரர் பழக்கத்தில் எடுத்துவைத்த கழிவை வாங்கி வந்து வேறு தெரு நாய்களுக்குப் போடுவார். அவற்றோடு பேசமாட்டார்.

பிறகு ஒரு நாள் பாக்கி வாடகையை வாங்க டிரைவர் வந்தார். நான் உள்ளே பணம் எடுக்கப் போன நேரத்தில் அப்பா அவரிடம் நாய்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது அந்த மனிதர் வருத்தத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்த பெல்ட்டு கொஞ்சம் லூசாயிருச்சுங்க. சங்கிலியா இருந்திருந்தா நின்னிருக்கும். பாவம், குழந்தை வழி முச்சூடும் கத்திக்கிட்டே வந்துச்சுங்க." அப்பா டீ வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்பினார். டிரைவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பெல்ட் தைத்தது தப்பு என்று அவர் எங்களிடம் சொல்லவில்லை, ஏன் மறைத்தீர்கள் என்றும் கேட்கவில்லை. இப்போதும் அதே கம்பெனியில், அதே மெஷினில், நாள் முழுவதும் எலாஸ்டிக்கை இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்துத் தைக்கிறார். ஒடிசா போன பாப்பாவுக்கு மூன்று வயதாகிவிட்டது, ஒடியாவில் பேசுகிறது. அத்தான் சொல்லிக்கொடுத்தால் தமிழில் ஒரு சொல் திருப்பிச் சொல்லும். பாஷை தெரியாமல் போய்விடும் என்று அப்பா பயந்தது நடந்துவிட்டது. அக்காவுக்கும் அத்தானுக்கும் இடையில் நடக்கவில்லை, அப்பாவுக்கும் அவர் பேத்திக்கும் இடையில் நடந்தது. அப்பாவும் அக்காவும் ஒரு போன் தூரத்தில்தான் இருக்கிறார்கள். இனி பேசினால் கருப்பியைப் பற்றித்தான் முதலில் பேசவேண்டும். அதனால் முன்பு இருந்ததைவிட வழி இன்னும் அடைபட்டுவிட்டது. நான் படித்த படிப்பில் இதைச் சரிசெய்ய ஒன்றும் இல்லை.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா திடீரென்று என்னிடம் கேட்டார்: "ரயில்ல போயிருந்தா எவ்வளவு ஆயிருக்கும்லே?" பாப்பாவுக்கு டிக்கெட் கிடையாது, இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டாயிரம்கூட ஆகியிருக்காது என்றேன். சோற்றைப் பிசைந்தார். "கார்ல?" என்றார். போக வர வாடகை, டோல், கருப்பியைத் தேடி வண்டி நின்றதற்கான வெயிட்டிங், டிரைவர் பேட்டா, விசாகப்பட்டினத்தில் பாப்பாவைப் பார்த்த டாக்டர் என்று எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னேன். அறுபத்தெட்டாயிரத்து முந்நூறு ரூபாய்.