பென்குயின்களுக்கு வழிவிட்டு நின்றோம்

முதலாளிக்கு முழங்கால் வலி. அதனால்தான் நான் அண்டார்க்டிகா பார்த்தேன்.

மலேசியாவில், மந்தின் என்ற ஊர்ப் பக்கம் இருந்த அவருடைய ரப்பர் தோட்டத்தில் நான் பெரிய கிராணி, அலுவலகத்தின் தலைமை எழுத்தன். சிரம்பானில் தலைமுறையாகக் கடை நடத்திய குடும்பம் அவருடையது. காசி, ராமேஸ்வரம், ஐரோப்பா எல்லாம் போய்வந்துவிட்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள், பனிக்கடலுக்குப் போகும் சின்னச் சொகுசுக் கப்பலின் விளம்பரப் புத்தகத்தை மேசையில் விரித்து, “இதையும் பாத்துட்டுக் கண்ண மூடணும், கிராணியாரே” என்றார். மகன்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக் கழன்றுகொண்டார்கள். பூட்ஸ் மாட்டிவிடவும் படகில் கைபிடித்து இறக்கவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன் துருவத்துக்குப் போகிறான் என்று தோட்டமே பேசியது. எனக்கும் தலைகால் புரியவில்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு முதலாளி அலுவலகக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். தோட்டத்தை விற்றாகிவிட்டது, வீடமைப்புக்காரர்கள் வாங்கியிருக்கிறார்கள், லயங்களை இடிப்பார்கள் என்றார். “இது உங்க வாயிலேருந்து வெளிய போகக்கூடாது. நோட்டிஸ் போறப்ப போகட்டும். ஒங்களுக்கு சிரம்பான் கடையில வேலை இருக்கு, பயப்படாதீங்க.” நான் தலையாட்டினேன். வேலை இருக்கிறது என்று கேட்டதும் நெஞ்சு லேசானது உண்மை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அன்று சாயங்காலமே அக்கா வந்தாள். அம்மா போன பிறகு ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை பார்த்து என்னை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பியவள். அத்தான் இறந்த பிறகும் அதே லயத்தில்தான் இருந்தாள். மழைக்கு ஒழுகும் பலகை அடுப்படியை இடித்துவிட்டுக் கல்லில் கட்டவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

“தம்பி, கல்லு எறக்கப் போறேன். தோட்டத்த விக்கப் போறாங்கன்னு தண்ணிக் குழாயில பேசிக்கிறாளுங்க. மெய்தானா? நீ ஆபிஸ்ல இருக்கிறவன், ஒனக்குத் தெரியாமலா?”

“அதெல்லாம் சும்மா பேச்சுலா. நீ கட்டுக்கா.”

கட்டாதே என்றால் ஏன் என்று கேட்பாள். அவளுக்குத் தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் நாற்பது வீட்டுக்கும் தெரிந்துவிடும். முதலாளி என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இப்படியெல்லாம் கணக்குப் போட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன். வாய் தவறி வந்ததல்ல.

விமானம் மாறி மாறி அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகம் போய்ச் சேர்ந்து கப்பல் ஏறினோம். பயணிகள் நூறு பேர்கூட இல்லை. சிவப்புக் குளிர்ச்சட்டை கொடுத்தார்கள். ஒருநாளைக்கு இரண்டு தடவை படுக்கையை விரித்துத் தலையணை மேல் சாக்லேட் வைத்துவிட்டுப் போவார்கள். என் படுக்கையை இன்னொருவர் விரிப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது, நானே மறுபடி மடித்து வைத்தேன். முதலாளி சைவம். சமையல்காரர் அவித்துக் கொடுத்த காய்களை நான் கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு ஒருவழியாக விழுங்கினார். பிறகு இரண்டு நாள் கடல் எங்களைப் புரட்டி எடுத்தது. அவர் வாந்தி எடுக்க நான் பாத்திரம் பிடித்தேன். பிடித்துக்கொண்டே, இந்நேரம் சுவர் இடுப்பளவு வந்திருக்கும், மறுநாள், இந்நேரம் ஜன்னல் வைத்திருப்பாள் என்று நினைத்தேன். சாப்பாடு இறங்கவில்லை. கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் ரப்பர் படகில் கரைக்குக் கொண்டுபோனார்கள். வழிகாட்டி ஒரு சின்னப் பெண். பனியில் பள்ளமாகப் பதிந்திருந்த ஒரு தடத்தைக் காட்டினாள். பென்குயின்கள் கூட்டுக்கும் கடலுக்கும் நடந்து நடந்து உண்டாக்கிய பாதையாம். அதை மிதிக்கக்கூடாது, கூட்டுக்குக் கிட்டே போகக்கூடாது, அவை வந்தால் நாம்தான் நிற்கவேண்டும் என்றாள். அப்போது இரண்டு பென்குயின்கள் வந்து, எங்களைப் பார்த்துத் தயங்கி நின்றன. நாங்களும் நின்றோம். முழங்கால் வலியோடு முதலாளி பத்து நிமிஷம் அசையாமல் நின்றார். அவை தாண்டிப் போனதும் கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

“இது அதுங்க எடம், கிராணியாரே. நாமதான் வந்தேறிங்க.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவரிடம் அதுவரை குரல் உயர்த்தியதில்லை.

“லயத்துல இருக்கிறவங்களும் அம்பது அறுவது வருஷமா அங்கதான் இருக்காங்க முதலாளி. ஒரு வருஷமாவது டைம் குடுங்க. எங்கக்கா இப்பத்தான் அடுப்படி கட்டுறா.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “சட்டப்படி குடுக்கவேண்டியதக் குடுப்போம். இங்க வந்து அதப் பேசாதீங்க. கையப் பிடிங்க, வழுக்குது.”

பிடித்தேன்.

மறுநாள் காலை, பசியாறப் போகும் முன், கப்பலின் ரேடியோ அறைக்குப் போனேன். ஊரில் அப்போது பொழுது சாயும் நேரம். தோட்டத்து முனையில் இருந்த தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் சீனக் கடைக்காரரின் மளிகைக் கடைக்குப் போன் போட்டு அக்காவைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னேன். அரைமணி கழித்து மறுபடி போட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வேலை போனால் போகட்டும், சுவரை அப்படியே நிறுத்து, கல்லையாவது திருப்பிக் கொடு என்று சொல்ல வேண்டும். துணைக்கோள் வழியாகப் போகிற பேச்சு, ஒவ்வொரு வார்த்தைக்கும் பதில் கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

“அக்கா, அந்த அடுப்படி...”

“முடிஞ்சிருச்சு தம்பி. திங்கக்கெழம பால் காய்ச்சினேன். செவ்வாக்கெழம ஆபிஸ் சொவத்துல நோட்டிஸ் ஒட்டிட்டாங்க. மூணு மாசத்துல காலி பண்ணணுமாம்.”

அவள் அழவில்லை. குரலில் கோபம் இருந்தது, ஆனால் என் மேல் இல்லை.

“எல்லாரும் ஒன்னத்தான் சொல்றாங்க. கிராணிக்கு முன்னாடியே தெரியும், தெரிஞ்சுதான் கப்பல் ஏறிட்டான்னு. நான் சண்டைக்குப் போயிட்டேன். என் தம்பிக்குத் தெரிஞ்சிருந்தா என்னக் கட்டச் சொல்லுவானான்னு கேட்டேன். ஒனக்குத் தெரியாதுதானே?”

நான் பேசாமல் இருந்த நேரத்தை அவள் போனின் தாமதம் என்றே நினைத்திருப்பாள்.

“தெரியாதுக்கா” என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. கடையில் நின்றவர்கள் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னது அவ்வளவு தூரத்திலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“கேட்டுக்குங்க எல்லாரும்! என் தம்பிக்கு ஒண்ணுமே தெரியாதாம்!”

அவள் சாகும்வரை நான் அதை மாற்றிச் சொல்லவில்லை.