பெர்சிஸ் அக்கா நிறைவேற்றிய தீர்மானம்

பெர்சிஸ் அக்கா ரெஃபரியைப் பார்த்துக் கத்தினால் பர்மாவில் எங்கள் பேட்டையான தின்கன்ஜூனில் பாதிக்குக் கேட்கும். ஆனால் அது கோபமில்லை, பொழுதுபோக்கு. உண்மையிலேயே கோபம் வந்துவிட்டால் அவள் வாயைத் திறக்க மாட்டாள். சிரித்த முகமாக இருப்பாள், டீ வாங்கிக் கொடுப்பாள், வேளைக்காகக் காத்திருப்பாள். இது தெரியாமல்தான் எங்கள் கிளப் தலைவர் பர்னபாஸ் அவளிடம் மாட்டிக்கொண்டார்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. சர்ச் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், எதற்குச் சான்றிதழ் வேண்டுமென்றாலும் அவள் கையெழுத்தில்தான் வரும். கணவர் பிரான்சிஸ் எங்கள் டீமில் லெஃப்ட் பேக் ஆடியவர், காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. அவரால்தான் அக்காவுக்கு ஃபுட்பால் பைத்தியம் பிடித்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். விஷயம் தலைகீழ். பிரான்சிஸைவிட வசதியான மாப்பிள்ளைகள் இரண்டு பேர் பெண் கேட்டு வந்தார்கள். பந்து காலடிக்கு வந்தால் என்ன செய்வதென்று தெரியாத ஆளோடு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை எப்படிக் கழிப்பது என்று அக்காதான் இரண்டு பேரையும் வேண்டாமென்றாள்.

நான் மீரா முகைதீன். சந்தையில் கைலிக் கடை வைத்திருக்கிறேன், கிளப்புக்குச் செயலாளர். இங்கே நடந்த கூத்தில் என் பேனாவுக்கும் பங்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் டீம் ஒன்றும் பெரிய டீம் இல்லை. பையன்களில் பாதிப் பேர் பாங்காக்குக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். மிச்சமிருந்தது பதினைந்து பேர். அந்தப் பதினைந்தில் பந்து உதைக்கத் தெரிந்தவன் என்று மனசாட்சியோடு சொல்லக்கூடியவன் ஆல்பின் ஒருவன்தான். ஆற்றுக்கு அக்கரையில், தன்லியினில் ஒரு தையல் ஃபேக்டரியில் வேலை பார்த்துவிட்டு, பாலம் தாண்டி பஸ்ஸில் வந்து ஆடுவான். போன வருஷம் நாங்கள் போட்ட பதினோரு கோலில் எட்டு அவனுடையது.

இந்த வருஷம் பர்னபாஸ் தலைவரானார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முதல் பெஞ்சில் உட்காருவார். திங்கட்கிழமை யாருக்கும் தெரியாமல் ஒரு பேதின் சயா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவார். பேதின் சயா என்றால் பர்மாக்காரர்களின் சோதிடர். அந்த ஆள் கட்டம் போட்டுப் பார்த்து, உங்கள் டீமுக்கு இந்த வருஷம் சனிக்கிழமை பிறந்தவர்கள் ஆகாது, வியாழக்கிழமைக்காரர்தான் தலைமை தாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பர்னபாஸ் வியாழக்கிழமை பிறந்தவர். கேட்க வேண்டுமா!

அன்றிலிருந்து டீம் லிஸ்ட் பிறந்த கிழமைப்படி வந்தது. அவர் சொல்ல, நான் எழுதினேன். பர்மியக் கணக்கில் புதன்கிழமைக்கு முற்பகல் வேறு, பிற்பகல் வேறு. எங்கள் கோல்கீப்பர் எந்தப் புதன் என்று தெரியாமல், ஆட்டம் தொடங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது டாலாவில் இருக்கும் அவன் அம்மாவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டோம். வெட்கக்கேடு. ஆல்பின் சனிக்கிழமை பிறந்தவன். அவனை வெளியே உட்காரவைத்துவிட்டார்கள்.

முதல் ஆட்டம் மூன்று பூஜ்யம். இரண்டாவது நான்கு ஒன்று. இரண்டிலும் ஜெயித்தது நாங்கள் இல்லை.

இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் அக்கா நேராகப் பர்னபாஸிடம் போனாள்.

"அண்ணே, ஆல்பினை இறக்குங்க. புள்ளை கால் துடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்."

பர்னபாஸ் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "நீ எங்கே உக்காந்து பாத்தே?"

"எப்பவும்போல கார்னர் கொடி பக்கத்துலதான்."

"அது தென்மேற்கு மூலை. சனி மூலை. ஒரு விதவைப் பொம்பளை செவப்புக் குடையை விரிச்சுக்கிட்டு அங்கே உக்காந்தா டீம் எப்படி வெளங்கும்? சயாவே கேட்டார்."

நாற்பது பேர் நின்றிருந்தார்கள். நானும் நின்றிருந்தேன். அடுத்த ஆட்டத்தில் அக்காவுக்குக் கக்கூஸ் சுவருக்குப் பின்னால் இடம் ஒதுக்கினார்கள். அங்கிருந்து பாதி மைதானம்தான் தெரியும். அக்கா சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள்.

அந்த ஆட்டத்திலும் தோற்றோம். மறுநாள் காலை அக்கா என் கடைக்கு வந்தாள்.

"தம்பி, நம்ம பர்னபாஸ் அண்ணன் அடையாளக் கார்டுல பொறந்த தேதி என்னா போட்டிருக்கு?"

கிளப் பதிவுக்காக நகல் என்னிடம் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொண்ணு, ஜூன் ஒண்ணு. வியாழக்கிழமைதான் அக்கா, சரியா இருக்கு."

"ஜூன் ஒண்ணு பள்ளிக்கூடம் தொறக்குற நாளு" என்றாள். "எங்க ஆளுங்கள்ல பாதிப் பேரு அன்னைக்குத்தான் பொறந்திருக்கோம். வயசு பத்தாத புள்ளையைச் சேக்க அப்பன்மாரு சொல்ற தேதி அது. நிசமான தேதி கார்டுல இருக்காது. எங்கிட்டே இருக்கு."

பர்மாக்காரர்களுக்குப் பிறந்த கிழமை உயிரோடு ஒட்டிக்கொண்டது, அதை வைத்துத்தான் பெயரே வைப்பார்கள். எங்கள் ஆட்கள் வீடுகளில் அந்த வழக்கமில்லை. கார்டில் இருக்கிற தேதியைக் கணக்குப் போட்டு, நான் இன்ன கிழமை என்று சொல்லிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். பர்னபாஸும் அப்படித்தான். சர்ச் பீரோவில் இருந்த ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பிறந்தது அதே வருஷம் செப்டம்பர் ஒன்பது என்று இருந்தது. அக்கா ஃபோனில் பழைய காலண்டரைத் தேடிக் காட்டினாள். சனிக்கிழமை.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னைக்கே போட்டு உடைங்க அக்கா. ஞாயித்துக்கிழமை ஆல்பின் ஆடிடுவான்."

"ஆடுவான். ஆனா இப்ப சொன்னா அந்தாளு அசடு வழிஞ்சிட்டு, கட்டம் மாறிப்போச்சுன்னு வேற கதை சொல்லுவான். அது எனக்குப் பத்தாது தம்பி. அவன் வாயாலேயே அவனை வெளியே அனுப்பணும். அதுவும் நாலு பேரு பாக்க."

மூன்று வாரம் காத்திருந்தாள். அந்த மூன்று வாரத்தில் இன்னும் இரண்டு ஆட்டம் தோற்றோம். அவள் நினைத்திருந்தால் அந்த இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம். கக்கூஸ் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து, கோல் வாங்க வாங்க அவள் தலையாட்டியதை நான் பார்த்தேன். உயிராக நேசித்த டீம்தான். ஆனால் பழி அதைவிட ருசியாக இருந்திருக்க வேண்டும்.

இடையில் ஒரு கமிட்டிக் கூட்டத்துக்கு அக்கா தானாகவே வந்தாள். "அண்ணன் சொன்னது சரிதான். நாமதான் அரைகுறையாச் செய்றோம்" என்று ஆரம்பித்தாள். பர்னபாஸுக்கு நம்பவே முடியவில்லை. அக்கா ஒரு தீர்மானம் முன்மொழிந்தாள், அவர் வழிமொழிந்தார், நான் மினிட்ஸ் நோட்டில் எழுதினேன். ஆட்ட நாளில் சனிக்கிழமை பிறந்த எவரும், ஆட்டக்காரரோ நிர்வாகியோ பார்வையாளரோ, மைதான வாசலைத் தாண்டக் கூடாது. பர்னபாஸ் எழுந்து நின்று கைதட்டி, "யாரா இருந்தாலும் சரி. எங்க அப்பனா இருந்தாலும் சரி" என்றார்.

"அதையும் எழுதிக்க தம்பி" என்றாள் அக்கா.

இது ஆல்பின் காதுக்குப் போயிற்று. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு இப்போது வாசலே மூடிவிட்டது. அதை மூடியது தன்னைக் குழந்தையிலிருந்து கைதட்டி வளர்த்த பெர்சிஸ் ஆண்ட்டி. கடைக்கு வந்து நின்றான், கண் கலங்கியிருந்தது. "நெசமா அண்ணே?" என்று மட்டும் கேட்டான். அக்காவிடம் சொன்னேன். "பொறுக்கச் சொல்லு. கடைசி ஆட்டத்துல அவன்தான் கேப்டன்" என்றாள்.

கடைசி ஆட்டம் முக்கியமானது. தன்லியின் டீமோடு. அதிலும் தோற்றால் அடுத்த வருஷப் போட்டியில் எங்களுக்கு இடமில்லை. அதற்கு முந்தின சனிக்கிழமை பொதுக்கூட்டம் வைத்தோம். நூறு பேர் வந்திருந்தார்கள். கரண்ட் போய்விட்டது, எல்லோரும் கையில் கிடைத்ததை வைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். பர்னபாஸ் தோல்விகளுக்குக் காரணம் சொன்னார். மழை, ரெஃபரி, பொறாமைக்காரர்களின் கண். அக்கா எழுந்தாள். போதகர் கையெழுத்தும் சர்ச் முத்திரையும் வைத்த சான்றிதழை என்னிடம் நீட்டி, சத்தமாகப் படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு மினிட்ஸ் நோட்டிலிருந்து தீர்மானத்தைப் படிக்கச் சொன்னாள். அப்பன் வரிவரை படித்தேன்.

பர்னபாஸின் முகத்தில் இரத்தம் வற்றியதை நூறு பேரும் பார்த்தார்கள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்று அதை ஒரு சொட்டு விடாமல் பார்த்தாள். எனக்கும் இனித்தது, மறைக்க மாட்டேன்.

"அண்ணே, நாளைக்கு நீங்க எங்கே உக்காரப்போறீங்க? கக்கூஸ் பக்கம் எடம் காலியாத்தான் இருக்கு. ஆனா அதுவும் வாசலுக்கு உள்ள இருக்கே" என்றாள்.

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் எல்லாம் முடிந்துவிடும், தீர்மானத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆல்பினைக் கூப்பிடுவார்கள் என்று அக்கா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பின் வரிசையிலிருந்து அப்பாசாமி எழுந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், நிதானமான மனிதர், அதிகம் பேச மாட்டார். "அப்ப சயா சொன்னது பலிச்சிருச்சே" என்றார். "சனிக்கெழமைக்காரன் ஆகாதுன்னார். ஒருத்தன் தலைமையிலேயே இருந்திருக்கான். அஞ்சு ஆட்டமும் போச்சு."

முன் வரிசைக்காரர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தலையாட்டத் தொடங்கினார்கள். ஆமாம், அதனால்தான். ஆமாம், கணக்குச் சரியாகத்தான் வருகிறது.

"என்னாய்யா ஆமா? எல்லாமே பொய்யின்னு காட்டத்தானே இதைக் கொண்டாந்தேன்! கிழமை கோல் போடுமா?" அக்கா இப்போது உண்மையாகவே கத்தினாள்.

"நீங்கதானே அக்கா கண்டுபிடிச்சீங்க" என்று யாரோ பணிவாகச் சொன்னார்கள். "தீர்மானமும் உங்களுதுதானே."

சயாவை எல்லோரையும்விட அதிகம் நம்பியவர் பர்னபாஸ்தான். கிளப் சட்டையைக் கழற்றி மேசைமேல் மடித்து வைத்தார். பனியனோடு குடையைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே போனார். தீர்மானம் அப்படியே நிற்க வேண்டும் என்று கை தூக்கச் சொன்னார்கள். தொண்ணூற்றுச் சொச்சம் கைகள் எழுந்தன. எண்ணி எழுதியது நான்தான்.

மற்ற சனிக்கிழமைக்காரர்கள் வீட்டோடு இருந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மைதான வாசலுக்கு வெளியே இரண்டு பேர் நின்றார்கள், பர்னபாஸும் ஆல்பினும். கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவை மரியாதையாக முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார்கள். அவள் தொடவில்லை.

"தம்பி, இன்னைக்கு நாம தோக்கணும். ஏழு கோல் வாங்கணும். அப்பத்தான் இந்த மடையனுங்களுக்குப் புத்தி வரும்" என்றாள் என் காதில். நாற்பது வருஷமாக ஒரு டீமுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவள், கண்ணை மூடி எதிர் டீமுக்காக ஜெபம் பண்ணினாள்.

எண்பத்தெட்டாவது நிமிஷம் வரை யாரும் கோல் போடவில்லை. பிறகு எங்கள் பையன் ஒருவன் எங்கேயோ உதைத்தான். தன்லியின் ஆளின் முழங்காலில் பட்டு பந்து அவர்கள் வலைக்குள்ளேயே உருண்டது. அவ்வளவுதான், அதுதான் அந்த வருஷத்தில் எங்கள் ஒரே வெற்றி. ஜனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. அப்பாசாமி ஓடி வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீ காப்பாத்திட்டம்மா, டீமை நீ காப்பாத்திட்டே." இனி எத்தனை வருஷமானாலும் அந்தத் தீர்மானத்தை யாராலும் அசைக்க முடியாது என்பது அவர் கண்ணீரிலேயே தெரிந்தது.

அக்கா கையை உருவிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். பர்னபாஸ் அவளைக் கண்டதும் விலகிப் போய்விட்டார். அவளும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆல்பின் நின்றான். "ஜெயிச்சுட்டோம் ஆண்ட்டி" என்றான். பழக்கத்தில் சொல்லிவிட்டு, தன்னையும் சேர்த்துச் சொன்னதை உணர்ந்து தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, "தன்லியின்காரங்க ரெண்டு மாசமாவே கூப்பிடுறாங்க. உங்ககிட்டே கேட்டுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றான்.

அவள் அவனிடம் மன்னிப்புக் கேட்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. உள்ளே ஆடிக்கொண்டிருந்த கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவனுடைய சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"போடா. போயி அவங்களுக்கு ஆடு. அடுத்த வருஷம் எங்க வலையில அஞ்சு கோல் போடு. நான் அந்தப் பக்கம் உக்காந்து கைதட்டுறேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகம் முழுக்க அழுதுகொண்டுதான் சொன்னாள்.