நின்றால் குலுங்கும் கார்

என் வீட்டுக்காரருக்கு இரண்டாம்தாரமாகப் பெண் பார்க்கப் போவதற்காகத்தான் அந்தக் காரை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளினார்கள். தள்ளியவர்களில் நானும் ஒருத்தி. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

மொரப்பூர்ப் பக்கம் எங்கள் ஊர். நிலமும் புளியந்தோப்பும் மாமனார் விட்டுப்போனவை. கார் மட்டும் என் வீட்டுக்காரர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் ஆசைப்பட்டு, ஒரு காப்பித் தோட்டக்காரரிடம் வாங்கியது. இத்தாலிக் கார், இரண்டே கதவு. வாசலில் உறுமினால் கோழியெல்லாம் கூரைமேல் ஏறும். கல்யாணமான புதிதில் என்னை ஏற்றிக்கொண்டு ஒகேனக்கல் ரோட்டில் பறப்பார். பிறகு பெட்ரோல் விலை ஏறியதும் சக்கரத்துக்குக் கல் வைத்து, எஞ்சினைச் சாக்குப் போட்டு மூடிவிட்டார். என்னிடம் பேசுவதையும் அந்தக் காலத்தில்தான் குறைத்துக்கொண்டார். எனக்குப் பிள்ளை இல்லை.

தீர்த்தமலைக் கோயிலுக்கு நடக்கவைத்தார்கள். என்னென்னவோ லேகியம் கொடுத்தார்கள். சேலத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். அவர் என்னிடம் குறையொன்றும் தெரியவில்லை, வீட்டுக்காரரையும் பார்த்துவிடலாம், அழைத்து வாருங்கள் என்றார். என் மாமியார் சேலையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஆம்பளைக்கு என்னங்க கொறை இருக்கப்போவுது?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்புறம் பென்னாகரத்தில் ஒரு பெண் இருப்பதாகத் தரகர் வந்தார். பஸ்ஸில் போய் இரண்டாம்தாரம் கேட்டால் மரியாதை இருக்காதாம். கார் வேண்டுமாம்.

தர்மபுரியிலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். நாறிப்போன பெட்ரோலை இறக்கிப் புதிது ஊற்றினார், பேட்டரி மாற்றினார், பிளக்குகளைத் துடைத்தார். கார் கிளம்பியது. ஆனால் நின்ற இடத்தில் ஜுரக்காரன் மாதிரி நடுங்கிக்கொண்டு கரும்புகை விட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சரியாகும். காலை எடுத்தால் மறுபடியும் குலுங்கும்.

"ஓடும்போது நல்லாத்தானே போவுதுங்க?" என்றார் பாய்.

"பொண்ணு வூட்டு வாசல்ல நின்னு இப்படிக் குலுங்குனா மானம் போயிடும் பாய்," என்றார் என் வீட்டுக்காரர். டீ டம்ளரோடு நான் பக்கத்தில் நிற்பது அவருக்குப் பொருட்டே இல்லை.

பாய் எஞ்சினை ஓடவிட்டு, நாலு பிளக்குக்கும் போகிற ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். பின்னால் இருந்த இரண்டில் எதைக் கழற்றினாலும் எஞ்சின் அணையப் பார்த்தது. முன்னால் இருந்த இரண்டைக் கழற்றினால் ஒரு வித்தியாசமும் இல்லை.

"இந்த ரெண்டும் சும்மா ஒக்காந்திருக்குதுங்க," என்றார்.

அந்தக் காருக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டர் இரண்டு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன்னால் இருந்ததைத் திறந்து பார்த்தார். எலி கடித்த சாக்கு வழியாகக் குளவி உள்ளே புகுந்து, கார்புரேட்டரின் வாய்க்குள் மண்கூடு கட்டியிருந்தது. நிற்கும்போது எஞ்சினுக்குக் காற்றுப் போகிற சின்னத் துவாரம் அந்த மண்ணில் அடைபட்டிருந்தது. பாய் ஸ்குரூடிரைவரை எடுத்தார்.

"பாய், கை வெக்காதீங்க!" என்று கத்தியது நான்தான்.

குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும், கலைக்கக் கூடாது என்பார்கள். எனக்கு அதை ஓதி ஓதிச் சொன்னதே மாமியார்தான். சமையல்கட்டில் குளவி தென்பட்டால் என் கையிலிருந்து ஒட்டடைக் குச்சியைப் பிடுங்கிவிடுவார்.

"அத்தை, வந்து பாருங்க! நம்ம வூட்டுக் கார்ல குளவி கட்டியிருக்குதுங்க!"

இந்தப் பயணம் நின்றுவிடும் என்று நம்பினேன். வெட்கமில்லாமல் நம்பினேன். மாமியார் குனிந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியாடா, நல்ல சகுனம்! வரப்போறவளுக்குன்னு கட்டியிருக்குது."

பாய் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார். "புள்ள சமாச்சாரங்க. நான் கலைக்க மாட்டேங்க." என் வீட்டுக்காரரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"கலைக்கிற கைக்குத்தானே தோசம். நீயே எடுத்துரும்மா. உனக்கு என்னா போவப்போவுது?"

எடுத்தேன். மண் விரலில் உதிர்ந்தது. உள்ளே வெள்ளையாக ஒரு புழு நெளிந்தது. பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு துவாரத்தை ஊதிச் சுத்தம் செய்து, மூடியை மாட்டிக் கிளப்பினார். பாவி எஞ்சின், ஒரு குலுக்கல் இல்லை. பானெட்மேல் வைத்த டீ டம்ளர்கூட அசையவில்லை.

பென்னாகரத்துக்காரி வந்தாள். நல்ல பெண், அவளைக் குறை சொல்ல மாட்டேன். வருஷங்கள் போயின, அவளுக்கும் நாள் தள்ளவில்லை. அவளையும் சேலத்துக்குக் கூட்டிப்போனார்கள், துணைக்கு நான். டாக்டரம்மா என்னைப் பற்றிச் சொன்னதையே அவளைப் பற்றியும் சொன்னார். மாமியார் அதே மாதிரி சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்.

வெளியே வந்தோம். என் வீட்டுக்காரர் காரில் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டிருந்தார். சீராக ஓடிக்கொண்டிருந்தது. நான் அவர் பக்கத்து ஜன்னலில் குனிந்தேன்.

"கொறை எதுலன்னு தெரிய, அன்னிக்குப் பாய் நாலு ஒயரையும் கழட்டித்தானுங்க பாத்தாரு," என்றேன்.

அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.