முன்பக்கத்துச் சாட்சி

அடையாறில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு இரவுக் காவலுக்கு இருந்தபோது பகல் பொழுதைக் கழிக்கக் கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போவேன். அங்கே தூங்கினால் எழுப்பிவிடுவார்கள். அதனால் புத்தகம் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து நாற்காலியில் இருந்த பார்வையற்ற ஆள் ஒருநாள் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா நைனா, படிக்கத் தெரியுமா, ஏசிக்கு வந்து குந்திக்கினு கீறியா?"

"ரெண்டும்தான்" என்றேன்.

"அப்ப எனக்குக் கொஞ்சம் படிச்சுக் காட்டு."

சிந்தாதிரிப்பேட்டைக்காரர். பறக்கும் ரயிலில் செல்போன் உறை விற்பவர். அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு எழுதிக்கொண்டிருந்தார். அமெரிக்க வரலாறு என்ற ஒரு தாள் மட்டும் பாக்கி. அது தேறினால்தான் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட முடியும். இல்லாவிட்டால் ரயில்தான்.

மழைக்காலம் முழுக்க அந்தப் பாடத்தைப் படித்துக் காட்டினேன். அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்று அந்த நாட்டில் போன நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். வேண்டும் என்றவர்கள், வடக்கே ஆலைத் தொழிலாளி பட்டினி கிடக்கிறான், எங்கள் அடிமைக்கு வயிறு நிறையச் சோறு, நோய் வந்தால் மருந்து, நாங்கள் தகப்பன் மாதிரி என்று எழுதினார்கள். தி.நகர் ஜவுளிக்கடையில் விலைச்சீட்டு எழுதிய காலத்தில் முதலாளியும் இதையே சொல்லுவார். அதை அடிமைத்தனம் என்று சொல்ல மாட்டேன். பிடிக்காத அன்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவர்களால் அது முடியவில்லை.

தப்பி ஓடிவந்த சிலர் தங்கள் கதையைத் தாங்களே எழுதினார்கள். உடனே எதிர்ப்பக்கம், இது அடிமை எழுதியதல்ல, யாரோ வெள்ளைக்காரன் எழுதிக் கொடுத்தது என்றது. அதனால் அந்தப் புத்தகங்களின் முன்பக்கத்தில் வெள்ளைக்காரப் பெரியவர்கள் சாட்சி எழுதினார்கள்: இவரை எனக்குத் தெரியும், இது இவருடையதுதான்.

அந்த இடத்தை அவர் திரும்பப் படிக்கச் சொன்னார். "பாரு, அவன் முதுகுல வாங்குன அடிக்கும் இன்னொருத்தன் கையெழுத்துப் போடணும்."

தேர்வுக்கு எழுத வேறு ஆள் கிடைக்காததால் நானே போனேன். ஸ்கிரைப் என்பார்கள். அவர் சொல்ல நான் எழுத வேண்டும். தேர்வரைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. நான் ஒன்பதாவதைப் பாதியில் விட்டவன். பொருத்தமாகப் போயிற்று.

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடம். ஒரே அறையில் எங்களைப் போலப் பல ஜோடிகள். சத்தமாகச் சொன்னால் அடுத்தவர் காதில் விழும், புகார் வரும். அதனால் ரயில் பெட்டியையே அதிரவைக்கும் அந்த ஆள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு என் காதுக்குள் சொன்னார். அடிமை முறை பற்றிய கேள்வி வந்திருந்தது. பாதி எழுதியபோது மேற்பார்வைக்கு வந்த அம்மா எங்கள் பெஞ்சருகே நின்றார்.

"அவர் குரலே கேக்கல. நீங்க பாட்டுக்கு எழுதிட்டே போறீங்க?"

"அவருதான் சொல்றாரு மேடம்."

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது. ஒன்பதுல பாதி."

விடைத்தாளைத் திருப்பி ஒரு சொல்மேல் விரல் வைத்தார். "ஒழிப்புவாதிகள்னு எழுதியிருக்கீங்களே, யாரு அவங்க?"

எனக்குத் தெரியும், அடிமை முறை வேண்டாம் என்றவர்கள். யார், என்ன எழுதினார்கள், ஏன் அடி வாங்கினார்கள் எல்லாம் சொல்லியிருப்பேன். மேசைக்கடியில் அவர் கை என் முழங்காலை இறுக்கியது.

"தெரியாது மேடம். அவர் சொன்னாரு, எழுதினேன்."

அந்த அம்மாவின் முகம் இளகியது. ஆனாலும் அவர் சொல்வது தன் காதிலும் விழட்டும் என்று எங்களை வராந்தாவுக்கு மாற்றினார். அங்கே பெஞ்ச் இல்லை. அதைத் தேடிக் கொண்டுவந்து போடும்வரை சும்மா நின்றோம். கடைசி மணி அடித்தபோது பெரிய கேள்வி ஒன்று தொடாமலே கிடந்தது. பெஞ்சுக்காக நின்ற நேரத்தைத் திரும்பக் கேட்டேன். விதியில் இல்லை என்றார் அந்த அம்மா. நல்லவர்தான், விடைத்தாளின் முகப்பில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இன்னா எழுதிச்சு அந்தம்மா?" என்று வெளியே வந்ததும் கேட்டார்.

"விடைகளைத் தேர்வரே சொன்னார், எழுதியவருக்குப் பாடம் தெரியாது."

தெருவில் நின்றபடி சிரித்தார். அது நல்ல சிரிப்பில்லை.

"எனக்கும் சாட்சி போட்டாங்க நைனா."

முடிவு வந்த அன்று கோட்டூர்புரம் ரயில் நிலையத்தில் என் போனில் பார்த்துச் சொன்னேன். அந்தத் தாளில் தேறவில்லை. தோளில் தொங்கிய உறைகளைச் சரிசெய்துகொண்டார்.

"அடுத்த தபா எழுத வருவியா?"

"இந்த ஊர்ல இருப்பேனான்னு தெரியல. கட்டடத்துல வேற ஆளப் போடுறாங்க."

"சரி வுடு. ஒண்ணும் தெரியாதவனா இன்னொருத்தனத் தேடணும்."

ரயில் வந்தது. கம்பியைத் தடவி ஏறினார். கதவருகே நின்று குரலெடுத்துக் கூவத் தொடங்கினார். வண்டி நகர்ந்த பிறகும் நடைமேடையில் அது தெளிவாகக் கேட்டது.