கழல மறுத்த பூட்ஸ்

மவுண்ட் ரோஸ்கில்லில் பழைய துணி விற்கும் கடை ஒன்றில் கையுறை வாங்க நுழைந்திருக்கிறேன். மதியம் குயின்ஸ்டவுனுக்கு விமானம். நாளை அந்த மலையூரில் எனக்கு வேலை ஆரம்பம், கையில் வர்க்கிங் ஹாலிடே விசா. ஈப்போக்காரியான நான் பனியைப் பார்த்ததெல்லாம் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில்தான். காலையிலிருந்து எதைப் பார்த்தாலும் சிரிப்பாக வருகிறது.

அலமாரியின் அடியில் ஒரு ஜோடி பனிச்சறுக்கு பூட்ஸ். ஆசை யாரை விட்டது? காலை நுழைத்துக் கொக்கிகளை மாட்டி, ரோபோ மாதிரி கடையை ஒரு சுற்று சுற்றுகிறேன். பிறகு கொக்கிகளைத் திறந்து இழுத்தால், இரண்டு காலும் வெளியே வரவில்லை. விமான நிலையத்துக்குப் பஸ் பிடிக்க வேண்டும்! "ஐயோ அம்மா" என்று நான் அலறியதில், கல்லாவிலிருந்த யாழ்ப்பாணத்து அக்கா நான் தமிழ் என்று தெரிந்து ஓடி வருகிறார்.

"பிள்ளை, கதிரையில இரும். நான் இழுக்கிறன்."

"மெதுவாக்கா! காலும் சேந்து வந்துரும்."

ஒரே இழுப்பு. பூட்ஸும் அக்காவும் ஸ்வெட்டர் குவியலில் போய் விழுகிறார்கள். சிரித்துச் சிரித்து எங்கள் இருவருக்கும் கண்ணில் தண்ணீர்.

"அங்க என்ன வேலைக்குப் போறீர்?" என்று மூச்சு வாங்கக் கேட்கிறார்.

"இந்த மாதிரி பூட்ஸ வாடகைக்குக் குடுக்குற கடைக்கா. வர்றவங்களுக்கு மாட்டி, கழட்டி விடணும்."

இன்னும் பூட்ஸுக்குள் மாட்டியிருக்கும் என் மற்றக் காலை அக்கா பார்க்கிறார்.

"அப்ப இந்தமுறை அங்க வாறவை ஒருத்தரும் வீட்ட போகமாட்டினம்."