மூன்றாவது சட்டைக்கு முந்தின நாள்

"டிரைவரே இல்லாத ரயில்ல ஒனக்கு என்ன வேல? பேய்க்குத் தொணையா?"

விசா வந்த அன்று பெரியப்பா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கமுதியில் பன்னிரண்டாம் வகுப்பு, மதுரையில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, பிறகு வளைகுடா நகரம் ஒன்றின் தானியங்கி ரயிலில் முன்பெட்டிப் பணி. இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன் என்பதால் நகரத்தின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை.

நான் சொல்ல வந்த நாள் ஒரு சனிக்கிழமை. விடுமுறைக்கு அல் ஐனில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஊர்க்காரர் வீட்டில் தங்கியிருந்தேன். காலை ஆறரைக்குப் பேருந்து, இருபத்தைந்து திர்ஹம். சிவந்த மணல்மேடுகளும் ஒட்டகங்கள் சாலைக்கு வராமலிருக்கப் போட்ட கம்பிவேலியும் கூடவே வந்தன. இரண்டு மணி நேரத்தில் நகரம். பதினோரு மணிக்கு டியூட்டி. நான்கு மணிக்கு நேர்காணல்.

நேர்காணல் ஏன் என்று சொல்ல வேண்டும். தண்டவாளமும் ரயில்களும் அரசாங்கத்துடையவை. ஓட்டுவது மட்டும் தனியார். ஒப்பந்தம் முடிந்தால் வேறு கம்பெனி வரும், ஆட்கள் அதேதான். மறுநாள் காலை சட்டை மாறும். அதனால் எங்களுக்குள் வரலாற்றைச் சட்டையை வைத்தே சொல்வோம். பச்சைச் சட்டைக் காலத்தில் ஒவ்வொரு ரயிலிலும் இரண்டு பேர் இருந்தார்களாம். நான் சேர்ந்தது நீலச் சட்டையில், ரயிலுக்கு ஒருவர். மறுநாள் சாம்பல் சட்டை. அதில் ரயிலில் ஆளே வேண்டாம் என்று பேச்சு. புதுக் கம்பெனி என்னை எடுக்காவிட்டால் விசா ரத்து. ஊருக்குத்தான் போக வேண்டும்.

என் வேலை முன்கண்ணாடி ஓரம் நின்று பாதையைப் பார்ப்பது. வண்டி தடுமாறினால் பூட்டிய கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து கையால் ஓட்டலாம். அதுவரை தேவைப்பட்டதில்லை.

பன்னிரண்டரைக்குப் பெட்டியில் மிச்சமிருந்தவர் ஒருவர்தான், திருவாடானைக்காரர். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

"நீங்கதான் ஓட்டுறீகளா?"

"இல்லண்ணே. தானா ஓடும்."

"அப்ப நம்ம ரெண்டு பேரும் சும்மாதான் வர்றோம்." சிரித்துக்கொண்டே தொழிலாளர் கேம்ப் நிலையத்தில் இறங்கினார். "இதுக்கு மேல யாரு எறங்குவா? மண்ணுதான் கெடக்கு."

அதற்கு மேல் இருப்பது ஒரு நிலையம், பிறகு பணிமனை. அந்த நிலையம் கட்டி முடிந்தும் திறக்கப்படவில்லை. சுற்றிலும் வரவேண்டிய வீடுகள் வரவில்லை. ஆனால் எந்த நாளும் திறக்கத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். விளக்கு எரியும், ஏசி ஓடும், அறிவிப்புக் குரல் யாருமில்லாத நடைமேடையில் இடைவெளியைப் பார்த்து ஏறச் சொல்லும். ரயில் அங்கே வேகம் குறைக்கும், நிற்காது.

அன்று நின்றது.

கதவுகள் திறந்தன. நடைமேடையின் கண்ணாடிக் கதவுகளும் திறந்தன. பளிச்சென்ற பகல், தரையில் ஒரு கால்தடம்கூட இல்லை. எதிரே கீழ்த்தளத்திலிருந்து மேலே வரும் எஸ்கலேட்டர் அசையாமல் இருந்தது. ஆள் கால் வைத்தால் மட்டுமே ஓடும் வகை அது.

ஓடத் தொடங்கியது.

படிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து மடிந்தன. யாரோ அடியில் ஏறிவிட்டார், இப்போது தலை தெரியும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தலை தெரியவில்லை. வழக்கமாக உடனே மூடும் கதவுகள் மூடவில்லை. ஒருவர் ஏறி வந்து சேரும் நேரம் கழிந்தது. படிகள் நின்றன. கதவுகள் மூடின. ரயில் கிளம்பியது. என் பின்னால் காலிப் பெட்டி. திரும்பிப் பார்க்க எனக்குக் கழுத்து வரவில்லை.

கைபேசி அடித்தது. கட்டுப்பாட்டு அறையின் ஷிப்ட் லீடர் ஜலால் காக்கா, கீழக்கரைக்காரர்; அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

"தங்கச்சி, வண்டி நின்னது ஸ்கிரீன்ல தெரியுது. அத நான் பாத்துக்குறேன். வேற ஒண்ணும் இல்லையே?"

சொன்னேன். குரலைத் தாழ்த்தினார்.

"அத ரேடியோல சொல்லிராதம்மா. ரேடியோ பதிவாவும். நாளைக்குப் புதுக் கம்பெனிக்காரன் கேப்பான். பொம்பளப் புள்ள பயந்துட்டா, தனியா நிக்க லாயக்கில்லன்னு முடிச்சிருவான். நாலு மணிக்கு இன்டர்வியூ இருக்குல்ல? கலாஸ், விடு."

அவர் சொன்னது என் நன்மைக்குத்தான். ஆனால் பார்ப்பதற்குத்தான் என்னை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். பார்த்ததைச் சொல்லாவிட்டால் அந்த ரயிலில் நான் இல்லாமலே இருக்கலாம். ரேடியோவை அழுத்தினேன். ரயில் நின்றது, கதவு திறந்தது, எஸ்கலேட்டர் தானாக ஓடியது, யாரும் வரவில்லை, படி நின்ற பிறகே கதவு மூடியது என்று வரிசையாகச் சொன்னேன்.

"ரிசீவ்ட்" என்றார் காக்கா, அந்நியர் போல.

நான்கு மணிக்குப் புதுக் கம்பெனியின் அதிகாரி முன் உட்கார்ந்தேன். பிலிப்பைன்ஸ் பெண்மணி. சாம்பல் சட்டையில் மடிப்பு கலையவில்லை. பதிவைக் கேட்டிருந்தார்.

"எஸ்கலேட்டர் எதனால் ஓடியிருக்கும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சென்சாரில் தூசி இருக்கலாம். கதவும் அதற்காகக் காத்திருந்தது ஏன் என்று எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் இணைப்பு கிடையாது."

"பயந்தாயா?"

"ஆமாம்."

"இதே நிலையத்தில் இதற்கு முன்பும் ரயில் நின்றிருக்கிறது. வண்டியில் உன்னைப் போல் ஆட்கள் இருந்தார்கள். நின்றதை மட்டும் சொன்னார்கள்."

ரயிலில் இனி ஆள் கிடையாது என்று அப்போதுதான் உறுதியாகச் சொன்னார். என் வேலை மறுநாள் முதல் இல்லை. பிறகு மேசைமேல் பேனாவை உருட்டிக்கொண்டே சொன்னார்: அந்த நிலையத்தைத் திறக்கப் போகிறார்கள். அதற்கு முன் பகல் முழுவதும் தனியாக இருந்து எல்லாவற்றையும் கவனிக்க ஒருவர் வேண்டும். கேட்டுப் பார்த்த மூவரும் மறுத்துவிட்டார்கள். நான் போகிறேன் என்றேன்.

வெளியே காக்கா டீக் கோப்பையோடு காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சம்பளம் கூடவா?"

"அதேதான்."

"அதே சம்பளத்துக்கு அங்க போயி குந்தப் போறியா? ஒனக்கு மண்டையில மாஃபி, ஒண்ணுமே இல்ல." தலையைத் தட்டிக் காட்டினார். ஆனால் டீயை என்னிடம் கொடுத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ரயிலைப் பார்க்கப் பரமக்குடிக்குப் போக வேண்டும். அங்கே சனங்கள் மூட்டையோடு ரயிலுக்குக் காத்திருப்பார்கள். இங்கே எல்லாம் துடைத்து வைத்து, விளக்குப் போட்டு, நிலையம் காத்திருக்கிறது. எவருக்காக என்றுதான் தெரியவில்லை.

இதை எழுதும்போது பகல் பன்னிரண்டரை. சாம்பல் சட்டை போட்டிருக்கிறேன், காலர் கழுத்தை அறுக்கிறது. அந்த நிலையத்தின் கீழ்த்தளத்தில், எஸ்கலேட்டரின் அடியில் நாற்காலி போட்டு, முதல் படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.